செய்வினை

கடத்தியவர் பெயர் என்று ஒரு கட்டம்.
அதை நிரப்பாமல்
கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் திறக்காது.

பாலக்கோடு காவல் நிலையம், இரவு பதினொன்றே கால்.
தக்காளி லாரிகள் மண்டிப் பக்கம் திரும்பும்போது
சுவரில் வெளிச்சம் ஓடி மறைகிறது.
எதிரே பெஞ்சில் யோகலட்சுமி.
ஏரியூர் பெரியண்ணன் மகள்.
வயது பதினேழு, பத்து மாதம், பன்னிரண்டு நாள்.
எண்ணிச் சொன்னது அவள்தான்.

"யாரு கூட்டிட்டுப் போனது?"
"யாருமில்ல மேடம். நானே போனேன்."
"எந்த ஊர்ப் பையன்?"
"நானேதான்."

பையைக் கவிழ்த்தேன்.
இரண்டு சுடிதார், ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்,
வறுத்த கடலை ஒரு பொட்டலம்,
நானூற்றுப் பத்து ரூபாய்,
ஓசூருக்கு முழு டிக்கெட்.
பன்னிரண்டு தாண்டியதுமே
அரசுப் பேருந்து அவளை
முழு ஆளாக எண்ணத் தொடங்கிவிட்டது.

ஓசூரில் பெரியப்பா மகள் தங்கியிருக்கும் விடுதி.
நாற்பத்தொன்பது நாள் அங்கே தரையில் படுத்துக்கொள்வாளாம்.
ஐம்பதாம் நாள் காலை
போன் கம்பெனி கேட்டில் ஆதாரோடு நிற்பாளாம்.
பரீட்சைக்குப் படித்த மாதிரி ஒப்பிக்கிறாள்.

அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறாள்.
"எவளோ செய்வினை வச்சிட்டா எம் புள்ளைக்கு."

செய்வினை.
எட்டாம் வகுப்பில் முட்டியில் ஸ்கேலடி வாங்கிப் படித்தது.
போனாள்: செய்வினை.
கடத்தப்பட்டாள்: செயப்பாட்டுவினை.
பதினெட்டுக்குக் கீழே ஒரு பெண் போக மாட்டாள்,
கொண்டுபோகத்தான் படுவாள்
என்று இந்தக் கட்டத்துக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பிறகு, ஹால் டிக்கெட்டின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து
நாலாய் மடித்த பத்திரிகையை அவள் எடுத்தாள்.
மஞ்சள் தடவிய மூலைகள்.
சித்திரை ஆறு. தாய்மாமன். டிப்பர் ஓட்டுகிறான், வயது முப்பத்தொன்று.

பெரியண்ணன் எழுந்து நின்றார்.
"மேடம், ஸ்கூல்ல சேர்க்கறப்ப வாத்தியார்
ஒரு வருசம் கொறச்சிப் போட்டுட்டார்.
ஜாதகம் இருக்குது. அவளுக்கு பதினெட்டு முடிஞ்சி போச்சி."

காலையில் அவர் கொடுத்த புகார் என் மேசையில்.
அவர் கையெழுத்து, அவர் கைநாட்டைவிடக் கொஞ்சம்தான் மேல்:
மைனர் பெண்ணைக் காணவில்லை.

"முடிஞ்சிதுன்னா சரிங்க," என்றேன்.
"பதினெட்டு முடிஞ்ச பொண்ணு
அந்த வாசல் வழியா இப்பவே போகலாம்.
ஓசூருக்குக் கடைசி வண்டி இருக்குதான்னு கேக்கட்டுமா?"

மின்விசிறி மட்டும் பேசியது.
கூட வந்த பங்காளி கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினான்.
பெரியண்ணன் மெல்ல உட்கார்ந்தார்.
"பதினேழுதாங்க."

நான் சிரிக்கவில்லை.
எனக்குப் பதினெட்டு முடிந்த அன்று
வயிற்றில் ஐந்து மாதம்.
பணிப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

பத்து தொண்ணூற்றெட்டுக்கு அழைத்தேன்.
தர்மபுரியிலிருந்து வண்டி வருகிறது.
காலையில் குழந்தைகள் நலக்குழு, அப்புறம் இல்லம்.
கல்யாணம் நின்றது. அவள் பயணமும் நின்றது.
ஒரே கையெழுத்து.

"அங்க கதவு பூட்டுவாங்களா மேடம்?"
"பூட்டுவாங்க."
"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

பதில் தெரிந்தும்
பிரிண்டரில் காகிதம் அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கட்டம் இன்னும் காலி.
'இல்லை' என்று அடித்தேன், ஏற்கவில்லை.
'தானே' என்று அடித்தேன்.
உள்ளே போனது.
தானே என்றொரு ஊர் இருக்கிறது, தானே என்றொரு ஆளும் இருக்கலாம்,
நாளைக்கு இன்ஸ்பெக்டர் அந்த ஆளைப் பிடிக்கச் சொல்வார்.

யோகலட்சுமி கடலைப் பொட்டலத்தைப் பிரித்து
அம்மாவிடம் நீட்டுகிறாள்.
அவள் வாங்கவில்லை.
என்னிடம் நீட்டுகிறாள்.