பதினாலாவது படுதா

சங்கத்தின் சொத்து:
பதினாலு படுதா, ஒரு நோட்டு,
ஆணியில் கயிறு கட்டிய பேனா.
அறுப்புக்கூலியில் வாரம் இருபது ரூபாய் போட்டு
முப்பத்தொரு பெண்கள் வாங்கியது.
எட்டாம் நம்பரில் எலி கடித்த ஓட்டை.
அதற்கு வாடகை பாதி.

தை மாதம் மழை வராது என்பார்கள்.
கொள்முதல் நிலையத்தில்
ஈரம் இருபத்திரண்டு என்று ஒதுக்கிய நெல்
வெண்ணாற்றுச் சாலை நெடுகக் குவிந்து கிடந்தது.
ராத்திரி ஒன்பது மணிக்கு
முதல் தூறல்.

வந்த வரிசையில் எழுதினேன்.
தையல்நாயகி, பவுனம்பாள்,
கைலியை மடித்துக் கட்டியபடி ராவுத்தர் மகன்...
பதினாலாவதாகப் பெரியபண்ணை.
கையெழுத்துப் போடுகிறவருக்குத்தான் படுதா,
ஆளை அனுப்பினால் கிடையாது.
குடையை மடக்கினார்.
எங்கள் தெருவில் அந்தச் செருப்பை
நான் பார்த்ததில்லை.

"என்ன பேரு?"
தெரியாமல் கேட்கவில்லை,
எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.
ஓட்டின்மேல் மழை மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
பிறகு சொன்னார்:
வைத்தியலிங்கம்.
அவ்வளவுதான், பின்னால் ஒன்றுமில்லை.
ஐம்பது ரூபாய்த் தாள் நீட்டினார்.
மீதி இருபதுக்கு நின்றார்.

என் மூணு மா குத்தகை நெல்
பதினைந்தாவது.
பேனா என் கையில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் குவியலுக்குள் கைவிட்டேன்.
காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது.
முளை விட்டிருந்தது.
"உன் பேரை முதல்ல எழுதினா எவன் கேப்பான்?"
கேட்டுவிட்டு அவர்
ரெண்டு நாள் பேசவில்லை.

அடுத்த கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன்:
பதினைந்தாவது படுதா ஒன்று.
எட்டாம் நம்பரைத் தைக்கக்
கோணி ஊசி, சணல்.