சிப்பிக் கணக்கு

வைகை கடலைத் தொட மறந்த இடத்தில்
நாலுக்கு நாலு மீட்டரில் ஒரு குழி.
கூலி நானூற்றைம்பது. மோர் தனி.

பரஞ்சோதி சார் கேட்பது எப்போதும் ஒன்றுதான்:
காசு கிடைத்ததா, எழுத்து கிடைத்ததா,
எந்த அரசன், எந்தப் படை.
கரித்துண்டு வந்தால் குனிந்து முகர்வார்,
பட்டினத்தை யாரோ எரித்திருக்க வேண்டும் அவருக்கு.
அது அடுப்புக்கரி, சார்.
ஊதாங்குழலில் பாதி மூச்சை விட்டவளுக்குத் தெரியாதா?

எனக்குச் சிப்பி கழுவும் வேலை.
ஆக அடியில் கிடந்தவை
என் உள்ளங்கையை மூடின.
கூடவே கண்டல் மரத்துக் கரி, தொடைப் பருமன்.
ஆக்கித் தின்றவர்கள் அவசரமே இல்லாதவர்கள்.
அதற்கு மேல் அடுக்கில் பாதிக் கை.
சூளைச் சாம்பல் முழங்கால் கனத்துக்கு.
வீடெல்லாம் வெள்ளையடித்திருக்கிறார்கள், பாவிகள்.
அப்புறம் பெருவிரல்.
அப்புறம் சுண்டுவிரல் நகம்,
ஒரு சாண் மண்ணுக்குள் ஓராயிரம்.
அத்தனை பேர் அத்தனை சிறியதைத்
தோண்டித் தோண்டி.
அங்கே கரி விறகுக்கரி இல்லை,
சுள்ளி. அதற்கும் மேல் சாணச் சாம்பல்.

பிறகு மணல்.
மணலில் ஒரு நண்டு வளை, அதுவும் பழையது.

"படை ஏதும் வரலை சார்" என்றேன்.
அளவுகோலைப் பிடிக்கச் சொன்னார்.

சாயங்காலம் மேட்டுப்பாதையில் திரும்பும்போது
இறால் பண்ணைக் குட்டைகள் வாய் பிளந்து கிடந்தன.
மூன்று வருஷம் தீவனம் வீசியிருக்கிறேன் அங்கே.
வெள்ளைப்புள்ளி நோய் வந்த இரவில்
மோட்டாரை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள்;
உப்பை விட்டுவிட்டுப் போனார்கள்.
அன்றிலிருந்து ஊர்க் கிணற்றில் பருப்பு வேகாது,
குடம் பன்னிரண்டு ரூபாய், டிராக்டரில் வரும்.

வேலை முடிந்தால் இடுப்பைச் சோதித்துதான் விடுவார்கள்,
மணி இருக்கிறதா, காசு இருக்கிறதா என்று.
சிப்பியை யார் கேட்டார்கள்?
அடியடுக்கில் ஒன்றைக் கொண்டுவந்து
உப்புச் சாடிக்கு மூடி போட்டேன்.
அளவெடுத்தது மாதிரி இருந்தது.

சந்தியாகு தூக்கிப் பார்த்தார்.
"இது எந்தக் கடலு?"
"நம்ம கடலுதான்."
"போடி."

இருபது வருஷமாய்க் கடலுக்குள் போகிற மனுஷன்
சிரித்துக்கொண்டே விளக்கடியில் உட்கார்ந்து
புது வலையின் கண்ணைச் சோதித்தார்.
சுண்டுவிரல் நுழையவில்லை.
திருப்தியாய்ச் சுருட்டி வைத்தார்.