வெலிமடையில் வாங்கிய கசெட்

இரவுப் பணி முடியப் போகிற நேரம்.
எக்ஸ்ரே அறை வாசலில்
கால் முறிந்தவனை ஏற்றி வந்த ஆட்டோக்காரர்
ரேடியோவைக் காதோடு வைத்திருந்தார்.
கடல் தாண்டி, மலை தாண்டி
இந்திய நிலையம் ஒன்று
டிக்கோயாவுக்குள் வந்துகொண்டிருந்தது.

நாதஸ்வரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
இல்லை.
நாதஸ்வரம் கூட்டத்தைப் பார்த்துப் பேசும்.
இது ஒரே ஓர் ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து
வாய் ஓரமாகப் பேசியது.
"இதுவரை நீங்கள் கேட்டது கிளாரினெட்.
வாசித்தவர்..."
பெயர் வரவேண்டிய இடத்தில்
கடுகு வெடித்தது.

ஃபோனில் தேடினால் ஆயிரம் வருகிறது.
ராகம் தெரியாது, ஆள் தெரியாது.
தேடும் பெட்டியில் என்னவென்று எழுத?
வாய் ஓரமாக, என்றா?

ஹட்டனில் இர்ஷாத் கடை.
"கிளாரினெட் இருக்கா?"
"நாதஸ்வரம் ஈக்கி மிஸ். கலியாணத்துக்கா?"
"கிளாரினெட்."
"சாக்ஸபோன் ஈக்கி, பென்டிரைவ்ல அடிச்சுத் தாறன்."
"கிளாரினெட்."
குரலைத் தாழ்த்திக்கொண்டான்.
"செனாய் ஈக்கி. யாரும் மௌத்தா?"

கொழும்பிலிருந்து தம்பி ஒரு சீடி அனுப்பினான்.
அட்டையில் கறுப்புக் குழல், வெள்ளிச் சாவிகள்,
அதைப் பிடித்த பத்து விரல்கள்.
உள்ளே: ஆங்கிலம் பேசப் பழகுவது எப்படி.
பாடம் ஒன்று, குட் மோர்னிங்.
அட்டெண்டன்ட் யோகேஸ்வரி இரவல் வாங்கிப் போனாள்,
பாடம் ஒன்பதில் இருக்கிறாளாம்,
திருப்பித் தருவதாக இல்லை.

வெலிமடைக்குப் போனது ஒரு கலியாணத்துக்கு.
ஞாயிற்றுச் சந்தை, உருளைக்கிழங்குக் குவியலைத் தாண்டி
பொலித்தீன் விரித்து ஒருவர் விற்றார்,
டிவி இல்லாத ரிமோட்டுகள், ஆள் இல்லாத மூக்குக்கண்ணாடிகள்.
நடுவில் ஒரு கசெட், கையெழுத்தில் ஒரே ஒரு சொல்.
சிங்களம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.
க்... ளெ... ரி...
"யாருடையது?"
"தெரியாது நோனா. ஒரு வீட்டுச் சாமானோடு வந்தது."
நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை,
பேசியிருந்தால் கை நடுங்கியது தெரிந்திருக்கும்.

ஃபிசியோதெரபி அறையில் பழைய செட் ஒன்று உண்டு.
கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன்.

கச்சேரி இல்லை.
ஒருவர் பழகுகிறார்.
நான்கே சுரம், கீழிருந்து மேலே.
மூன்றாவதில் வாத்துக் குரல்.
மறுபடி. வாத்து.
நாற்காலி இழுபடும் சத்தம். மறுபடி.
கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் கியர் மாற்றும்போது
எஞ்சின் எதையும் பிடிக்காமல்
ஒரு நொடி தொங்குமே,
அங்கேதான் அவர் தினமும் விழுந்திருக்கிறார்.

குக்கர் விசில் அடிக்கிறது,
அவருக்குக் கிட்டாத அதே சுரத்தில், அட்சர சுத்தமாக.
ஒரு பிள்ளை சிங்களத்தில் கேட்கிறது,
அப்பா, முடிஞ்சுதா?
பதில் இல்லை. மறுபடி.
ஒருமுறை அவர் சிரிக்கிறார், தனியாக.

முப்பத்தேழாவது நிமிடம்.
ஒன்று, இரண்டு,
மூன்று,
நான்கு.
எந்தத் தையலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.
அவருக்கே நம்பிக்கை வரவில்லை போல,
மூச்சு மட்டும் கேட்டது.
திரும்ப வாசிக்கக் குழலை உதட்டில் வைத்திருப்பார்.
டக்.
நாடா முடிந்தது.

இரண்டாம் பக்கம் வெறுமை.
இருந்தும் முழுதாக ஓடவிட்டுக் கேட்டேன்.

இர்ஷாத் பத்து நிமிடம் பொறுத்திருந்தான்.
"மிஸ், இவர் பிழையா வாசிக்கிறாரே."
"ஆமா. ஏத்திக் குடு."
பக்திப் பாட்டு, சினிமா, பைலா, நாத்,
எல்லாவற்றுக்கும் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தான்.
இதற்குப் புதிதாக ஒன்று திறந்தான்.
"என்ன பேர் போட?"
"கிளாரினெட்."
"அது சரி மிஸ். வாசிச்சவர்ட பேர்?"

வெளியே டயகம பஸ்
ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்த இடத்தை விட்டுவை" என்றேன்.