ஆறாவது வரி

வான்டாவில் சிமுலேட்டருக்கு இரவு வாடகை பாதி.
அதனால் எங்கள் விபத்துகள் எல்லாம்
ஒன்றரை மணிக்கு மேல்தான் நடக்கின்றன.

வெளியே நவம்பர்.
பனியும் இல்லை, மழையும் இல்லை,
இரண்டும் ஒத்துக்கொள்ளாத ஓர் ஈரம்.
உள்ளே ஆறு இரும்புக் கால்களில் நிற்கிறது
எங்கும் போகாத விமானம்.

பின் இருக்கையில் நான்.
மடியில் ஸ்டாப்வாட்ச், காதில் செருகிய பென்சில்,
கையில் நான் எழுதிய தாளின் இன்னொரு பிரதி:
புகை, தீ, கருகல் வாடை.
மூன்று குழுக்கள் படித்துக் கையெழுத்திட்டது.
ஒரு காற்புள்ளிக்காக இரண்டு வாரம் சண்டை போட்டது.

"புகை விடட்டுமா?" என்கிறான் எய்னோ,
காபிக்குச் சர்க்கரை போடட்டுமா என்பதுபோல.
மேடை நாடகத்துக்கு விடுகிற புகை.
லேசாக இனிக்கும்.

முதல் முறை தூரே.
மாஸ்க்கை மாட்டியதும்
மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது.
ஐம்பத்தாறு வயதுக் கண்களுக்கு
என் எழுத்துகள் எறும்புகளாயின.
அலுவலகத்தில், ஜன்னலோர மேசையில்,
எவ்வளவு லட்சணமாக இருந்தன!

இரண்டாம் முறை,
"இல்லையெனில் பக்கம் பதினான்கு."
பதினான்கு பதினாறோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
லேமினேட்டை நகத்தால் பிரிக்க
நாற்பது விநாடி.

மூன்றாம் முறை இடது இருக்கைக்கு சோஹ்வி வந்தாள்.
துணைக்கு ஒரு புதுப் பையன், அதிகம் பேசாதவன்.
ரீகாவிலிருந்து வீடு திரும்பும் விமானம் என்று வைத்துக்கொண்டோம்.
அவன் வாசிக்க, அவள் செய்தாள்.
ஒரு சொல் விழுங்கவில்லை, ஒரு வரி தாண்டவில்லை.
விசிறிகள் நிறுத்து. நிறுத்தியாயிற்று.
சமையலறை மின்சாரம் துண்டி. துண்டித்தாயிற்று.
ஆறாவது வரி: புகை குறைகிறதா என்று
இரண்டு நிமிடம் காத்திரு.

காத்திருந்தாள்.
நான் சொல்லியிருந்தேன், காத்திருந்தாள்.

ஜன்னலில் தாலின் நகர விளக்குகள் வந்தன.
ஓடுபாதை ஒன்று
கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து,
கொஞ்சம் நின்றதுபோலிருந்து,
பின்னால் போனது.

"அருகிலுள்ள நிலையத்தில் இறங்குவது குறித்து யோசிக்கவும்"
என்பது பதினேழாவது வரி.
பதினொன்றிலேயே கடல் வந்துவிட்டது.

திரை சிவந்து உறைந்தது.
மாஸ்க்கைக் கழற்றினாள். கன்னத்தில் ரப்பர் தடம்.
"நான் எதையாவது விட்டுட்டேனா?"

இல்லை.
எதையும் விடவில்லை.

நான்காம் முறை மறுபடி தூரே, அதே பையன்.
ஆறாவது வரிவரை கேட்டார்.
அவன் கையிலிருந்து தாளை வாங்கிக்
காலடியில் போட்டார்.
மூக்கைத் தாலின் பக்கம் திருப்பினார்.
நாலு நிமிடம் ஐம்பது விநாடி, சக்கரங்கள் தரையில்.
பிறகு படிக்கட்டில், இருமிக்கொண்டே சொன்னார்:
"உங்க தாள் நல்லாத்தான் இருந்தது.
நேரம்தான் இல்லை."

என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
பட்டியலைப் பின்பற்றினாரா?
கடலில் விழுந்தவளுக்கு ஆம்.
கரையேறியவருக்கு இல்லை.
பென்சில் முனை அங்கேயே நின்றது.
இயந்திரத்திலிருந்து வந்த பட்டாணி சூப்
ஏடு கட்டிப்போனது.

பன்னிரண்டு வருடமாக வரிகள் எழுதுகிறேன்.
செய், சரிபார், உறுதிசெய், காத்திரு.
படித்தது போதும் என்று
ஒரு வரிகூட எழுதியதில்லை.

லேமினேட்டில் பென்சில் பிடிக்கவில்லை.
முதலுதவிப் பெட்டியைத் திறந்து
பிளாஸ்திரி ஒரு துண்டு கிழித்து
ஆறாவது வரியின் மேல் ஒட்டி, அதில் எழுதினேன்:
தரை தெரிந்தால் இறங்கு. இந்தத் தாளை மூடு.

சட்டப் பிரிவு கேட்கும்:
தெரிந்தால் என்றால் யாருக்கு, எவ்வளவு?
கேட்கட்டும். அவர்கள் புகையில் உட்கார்ந்ததில்லை.
நானும்தான், பின் இருக்கையில் தவிர.

நாலு நாற்பது. ஐந்தாம் முறை.
பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு
சோஹ்வி கேட்டாள்:
"மூடின பிறகு, மிச்சத்தை யார் செய்வாங்க?"

நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை.
ஸ்டாப்வாட்ச்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.
எய்னோ, புகை விடு.