ஒட்டாமல் விட்ட ஓட்டை

ஆத்தூர் சாலையில் மூடிக்கிடந்த சேகோ ஆலை.
கிடங்குக் கூரையில் நூற்றுப் பதினேழு ஓட்டைகள்.
கறுப்பு டேப்போடு இரண்டு ராத்திரி
ஏணியில் நின்றேன்.
சூரியனைக் காட்ட
முதலில் இருட்டு வேண்டுமாம்,
ஹஸீனா மேடம் சொன்னார்.

என் பிழைப்பு கல்யாண மண்டபத் திரை.
மாப்பிள்ளை தவழ்ந்த படம், பெண்ணின் காதுகுத்து,
நடுவில் பறக்கிற ரோஜா.
ஆறு ப்ரொஜெக்டரையும் ஒரே முகத்துக்குத் திருப்பியது
இதுதான் முதல் தடவை.

சுவர் கொதித்தது. தரை கொதித்தது.
ஒரு கொப்புளத்துக்குள்
தமிழ்நாடு முழுசாக விழுந்து மறையுமாம்.
கால் மணிக்குள் அது அமிழ்ந்து
வேறொன்று உப்பும்.
கரும்புள்ளி ஓரத்தில் அளவுக்காக
பூமியை வைத்திருந்தோம்,
ஒற்றை ஜவ்வரிசி.

ஐந்து நிமிடத்துக்கொரு முறை
விம்மித் தணிகிற உடம்பாம் அது.
அந்த விம்மலை வேகமாக்கி
மண்டப ஸ்பீக்கரில் விட்டபோது
தகரத்திலிருந்து துரு உதிர்ந்தது
எல்லார் தலையிலும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளி உருக்கும் தனபால்
சுவரில் கை வைத்துப் பார்த்தார்.
'ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரின்னு போட்டிருக்கு,
ஜில்லுன்னு இருக்கே!'

பாவாயி வந்தது இரண்டாம் நாள்.
இதே ஆலைக் களத்தில்
பத்தொன்பது வருஷம் மாவு காயவைத்தவர்.
நெருப்புக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து
வெகுநேரம் அண்ணாந்திருந்தார்.
'களத்துல ஒரு நாளும் இதை நான்
நிமிந்து பாக்கலை' என்றார்.
'முக்காட்டை இழுத்து வுட்டுக்கிட்டுத்
துழாவவே நேரம் சரியா இருந்துச்சு.'

அப்போது கரண்ட் போனது.

சூரியன் அணைந்த கிடங்கில்
பிள்ளைகள் ஊளையிட்டார்கள்.
நான் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டு ஓடும் வழியில்
பாவாயியின் கால்மாட்டில் பார்த்தேன்:
ஒரு வெளிச்ச வட்டம், பணியாரம் அளவில்.

நான் விட்ட நூற்றுப் பதினெட்டாவது ஓட்டை.
ஆணி கிழித்த முக்கோணம் அது.
தரையில் விழுந்ததோ உருண்டை.

ஹஸீனா மேடம் மண்டியிட்டார்.
பேசவில்லை.
மூன்று மாதம் பேசிப் பேசி எங்களை வதைத்தவர்.
வட்டத்தின் மேல் மேகம் ஒன்று
அழுக்குப்போல் ஊர்ந்து போனது.
ஒரு பையன் சாக்பீஸால் அதைச் சுற்றி வரைந்தான்.
இரண்டு நிமிடம் இருக்கும்,
கோட்டை விட்டு முழுசாக வெளியேறிவிட்டது.

'பதினொண்ணரை ஆச்சு' என்றார் பாவாயி.
செல்லைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்து மூன்று.

கரண்ட் வந்ததும் ஆறு ப்ரொஜெக்டரும் எரிந்தன.
வட்டம் இருந்த இடம் தெரியவில்லை.
இரண்டு பிள்ளைகள் மட்டும்
கையைக் குடைபோல் கவிழ்த்து
அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி கழற்றி ஏற்றினோம்.
தரையெல்லாம் கிழக்கே வளைந்து போகும்
சாக்பீஸ் வட்டங்கள்.
கூட்டவா என்று கேட்ட ஆளை
வேண்டாம் என்றேன்.

பில்லில்
ஆறு ப்ரொஜெக்டர் வாடகை, ஸ்பீக்கர், வண்டிச் சத்தம்.
டேப் மூன்று சுருள்.
அதற்கடியில் இன்னொரு வரி எழுதி
தொகை போடத் தெரியாமல் அடித்துவிட்டேன்.