புல்தரைக் கணக்கு

பள்ளிக்கரணையில் எங்கள் குடியிருப்புக்கு
நான்தான் பொருளாளர்.
யாரும் கை தூக்காத கூட்டத்தில்
தூக்கம் கலைந்து நான் நிமிர்ந்ததைச்
சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

முதல் ரசீதே புல்லுக்கு.
ஓசூரிலிருந்து பாய் போலச் சுருட்டி
லாரியில் வந்திறங்கியது கொரியன் புல்.
மண்டபத்தில் ஜமக்காளம் விரிப்பதுபோல்
அரை நாளில் விரித்துவிட்டுப் போனார்கள்.
பிள்ளைகள் மிதிக்காமலிருக்கக் கயிறு கட்டினோம்.

கோரைக்குக் கயிறு தெரியவில்லை.
ஒன்பதாம் நாள்
பச்சைக்குள் வேறொரு பச்சை
ஊசி ஊசியாய் நின்றது.

மாதம் இரண்டு முறை சம்பூரணம் வருவார்,
களைக்கொட்டும் ஒரு சிமெண்ட் சாக்குமாக.
நாள் கூலி அறுநூறு, டீ தனி.
எதை எடுத்தீர்கள் என்று எழுத வேண்டும் என
நான் கேட்கப்போய்
செலவுச் சீட்டு பின்பக்கமும் நிரம்பியது.
குப்பைமேனி. மூக்கிரட்டை.
அம்மான் பச்சரிசி.
எந்த அம்மான், எந்தக் கடை அரிசி என்றேன்.
காம்பைக் கிள்ளி, கசிந்த பாலைக் காட்டினார்.
"பேர் வெச்சவங்களத்தான் கேக்கணும் சார்."
தரையோடு தரையாய்ச் செருப்படி,
வாங்க வேண்டியதைப்
பெயரிலேயே வாங்கிக்கொண்டது.
ஒற்றைக் காலில் வெட்டுக்காயப் பூண்டு,
சட்டையில்லாத ஒரு மஞ்சள் பொத்தான்.

குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டதும்
பி பிளாக் பூனை எங்கிருந்தோ ஓடி வரும்.
வேரைக் கவ்வி, கண் சொருகி,
மண்ணில் முதுகு தேய்த்துப் புரளும்.
செயலாளர் ஹரிகோவிந்த் அதைப் படமெடுத்து
வாட்ஸ்அப் குழுவில் போட்டார்:
நம் புல்தரையின் நிலைமை பாரீர்.

கோரையை மட்டும் சம்பூரணம் திட்டுவதில்லை.
தோண்டினால் ஒரு கிழங்கு,
அதன் வாலில் ஒரு நூல்,
நூல் முனையில் இன்னொரு கிழங்கு.
அது போகிறது
நடைபாதைக் கல்லுக்கு அடியில்,
ஜெனரேட்டர் அறைக்கு அடியில்,
சர்வே எண் ஏறுவதற்கு முன்
இங்கே நாரை நின்ற தண்ணீருக்கு.
"பாதிதான் வரும் சார்.
மீதிய இழுத்தா பில்டிங்கும் கூட வரும்."
சிரித்தேன். சீட்டில் எழுதவில்லை.

மார்ச் கூட்டத்தில் களைக்கொல்லித் தீர்மானம்.
நானும் கையெழுத்திட்டேன்.
இரண்டு லிட்டர். தெளிப்பான் வாடகை.
இனி வர வேண்டாமென்று
சம்பூரணத்துக்கு ஒரு போன்,
அதற்குச் செலவில்லை.
ஒரே வாரத்தில் எல்லாம் வைக்கோல் நிறம்,
கொரியன் புல்லும் கூடவே.
பூனை வந்து முகர்ந்தது,
தும்மிவிட்டுப் போயிற்று.

அந்த வாரம்தான்
மூன்றாம் மாடி இம்தியாஸுக்கு மஞ்சள் காமாலை.
ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள்.
இருந்தாலும் பர்வீன் கீழே இறங்கி வந்து
குனிந்து குனிந்து கீழாநெல்லி தேடினார்.
"இலைக்கு அடியில வரிசையா காய் இருக்குமே,
போன மாசம் இங்கதானே பார்த்தேன்?"
தேதியும் தொகையும் என்னிடம் இருந்தன.
குணமாகுமா ஆகாதா, அதெல்லாம் தெரியாது.
தப்பிய ஏதோ ஒன்றை நோக்கி
அவர் கை நீண்டபோது
"வேண்டாங்க, இங்கே மருந்து அடிச்சிருக்கு" என்றேன்.

மருந்து.
நான்தான் சொன்னேன் அந்தச் சொல்லை.
அவர் கையைப் பின்னுக்கு இழுத்து
துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார்.

ஜூனில் ஒரு ராத்திரி மழை.
காலையில் கணக்கு எழுத உட்கார்ந்து
ஜன்னலைத் திறந்தேன்.
வைக்கோலுக்கு நடுவே
ஊசி, ஊசி, ஊசி.
வாட்ஸ்அப் விழிப்பதற்குள்
சம்பூரணத்தின் நம்பரை அழுத்தினேன்.
எதுக்கு சார் என்று கேட்டால்
என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை.

வேறு அழைப்பில் இருந்தார்.
எந்த வீட்டுப் புல்லோ.