இன்பவதியின் முறை

வாய்க்காலில் யாரும் வள்ளம் விடுவதில்லை.
இது நெல்லுக்கு வெட்டியது.
ஆனாலும் வெள்ள நிவாரணத்துக்கு வந்த பைபர் வள்ளம் ஒன்று
மூன்று வருஷமாய் எங்கள் கந்தோர்க் கொட்டிலில்
கோழிகள் அடைகாக்கக் கிடந்தது.
கட்டுப்பாதை முழுக்கச் சேறு, ஜீப் புதையும்.
உடைப்புகளை எண்ணி வெள்ளிக்குள் அறிக்கை வேணும் என்றார்கள்.
ஆகவே மார்கழி இருபத்தொன்று, காலை ஆறரை,
இரணைமடுத் துருசடியில் இறக்கினோம்.

நான், ஒரு படிவக்கட்டு, பென்சில்.
முழங்காவில் அலோசியஸ், கையில் மரக்கோல்,
தலையைச் சுற்றி மனிசியின் பூப்போட்ட சால்வை.

வெப்பமானி இருபது என்றுதான் சொல்லும்.
அதற்கு வாடை தெரியாது,
முழங்கால்வரை நனைந்த காற்சட்டை தெரியாது.
பனிக்குள் எருமைகள் தலைமட்டும் முளைத்து நின்றன.
மருதமரங்கள் எங்கள் பிடரியில்
ஒவ்வொரு துளியாய் எண்ணிப் போட்டன.

முதல் கதவு திறந்தே கிடந்தது.
மல்லாந்து படுத்து அதன் அடியால் போனோம்;
சிலந்திவலை முழுவதும் என் முகத்தில்.
இரண்டாம் கதவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய இருவர்
ஒன்றும் பேசாமல் வள்ளத்தைத் தூக்கி மறுபக்கம் வைத்தார்கள்.
வைத்த பிறகுதான் கேட்டார்கள்,
எங்க போறியள்?

மூன்றாவது, வட்டக்கச்சி தாண்டி.
இறுக்க மூடிய கதவு.
அதன்மேல் மழைக்கோட்டு, மடியில் மண்வெட்டி, இன்பவதி.
"நாலு மணி மட்டும் என்ர முறை.
இப்ப திறந்தா என்ர கிளைவாய்க்காலுக்கு ஏறாது.
கந்தோர் எண்டாலும் சரி, கடவுள் எண்டாலும் சரி."
முறை அட்டவணையில் கையெழுத்து என்னுடையது.
வாய் திறக்காமல் வள்ளத்தைக் கட்டினேன்.

ஒரு பிளாஸ்க் மூடியில் இஞ்சிப் பிளேன்ரீ,
மூன்று பேருக்கும் அது ஒன்றுதான்.
சூடு போகமுன் கைமாற வேண்டும் என்பதால்
கதை குறைவு.
விறைப்பு எடுக்கவென்று பென்சிலால்
சிமெந்துச் சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
அரைமணிக்கு ஒரு கோடு.
ஒவ்வொன்றாய் மூழ்கின.

"அக்கா," என்றான் அலோசியஸ், "வள்ளம் ஏறுது."

ஏறித்தான் இருந்தது.
காலையில் என் தலைக்கு மேலே நின்ற நடைபலகை
இப்போது இடுப்பளவில்.
அவளுடைய நெல்லுக்கென்று தேங்கிய தண்ணீர்
எங்களையும் சேர்த்துத் தூக்கியிருந்தது,
எங்களைக் கணக்கில் எடுக்காமலே.

இரண்டரைக்கு வள்ளம் பலகையோடு ஒட்டிக்கொண்டது.
மூன்று பேர், ஒரே தள்ளு.
அங்கால் தண்ணீர் இல்லை.
ஒரு சேற்றுக்குட்டை, அதில் திகைத்த ஒரு விரால்.
விழுந்த சத்தத்தில் கொக்குகள் கிளம்பின.
"வாங்கிக் கட்டினியளோ!"
மேலேயிருந்து முதல்தடவையாய்ச் சிரித்தாள்.

வெறும் வாய்க்காலில், வள்ளத்துக்குள்,
மரக்கோலை நிமிர்த்திப் பிடித்தபடி
நாங்கள் நாலு மணிக்குக் காத்திருந்தோம்.
கரையால் சைக்கிளில் போன பள்ளிப் பிள்ளைகள்
இறங்கி நின்று பார்த்தார்கள்.
ஒரு பிள்ளை கை காட்டியது.
அலோசியஸ் கப்பல் தலைவன்போல் பதிலுக்குக் காட்டினான்.

நாலுக்கு ஒரு நிமிஷம் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.
சுழற்றும் சில்லு எப்போதோ களவு போனது;
ஜீப் கழற்றும் சாவியால் பதினொரு திருகு.
தண்ணீர் முதலில் நாய்க்குட்டிபோல்
வள்ளத்தின் அடியை மோந்தது.
பிறகு மூக்கைத் தூக்கியது,
பிறகு என்னை, பிறகு மரக்கோலை,
பிறகு அந்த விரால் எங்களுக்கு முன்னே போய்விட்டது.

உடைப்புகள் பதினான்கு.
தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில்
இன்பவதியின் முறை என்று எழுதினேன்.
அழித்தேன். திரும்பவும் எழுதினேன்.

நாலாவது கதவு இருட்டில் தட்டுப்படவில்லை.
முரசுமோட்டைக்குக் கிட்ட வள்ளத்தை மரத்தில் கட்டிவிட்டு
பஸ் ஏறினோம், பல் கிட்டியபடி.
அலோசியஸ் மரக்கோலை விட்டுவர மாட்டேன் என்றான்.
கொண்டக்டர் அதற்கும் ரிக்கற் கிழித்தார்.